இடக்கையால் சாப்பிடும் தெரு

போர்ட் சயீதில் பழைய படம் ஒன்றாவது வைத்திருக்கும் எல்லோருக்கும் வஹீபைத் தெரியும். அவர்களில் வஹீபைப் பிடித்தவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாற்பத்தொரு பெட்டி நிறைய அஞ்சலட்டைகளும் புகைப்படங்களும். அத்தனையும் இந்த ஊர், இந்த ஊரின் தெருக்கள். பாதித் தெருக்கள் இப்போது இல்லை. ஐம்பத்தாறாம் வருடத்துச் சண்டையில் குண்டு விழுந்து எரிந்து போனவை.

ஒரு படத்தை அவர் கையில் கொடுத்தால் போதும். விழுந்திருக்கும் நிழலை வைத்து மணி சொல்லிவிடுவார். பால்கனிக் கம்பியின் வளைவு தெரிந்தால் வருடமும் வந்துவிடும். ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் தன் தாத்தா கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, கெய்ரோவில் பாஷா வீட்டு மாளிகையில் எடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். வஹீப் லென்ஸை எடுத்துத் தூணின் அடியில் வைத்தார். "இந்தத் தூணுல சுருக்கம் விழுந்திருக்கு பாருங்க டாக்டர். பளிங்குல சுருக்கம் விழுமா? இது படுதா. நம்ம ஊர் ஸ்டுடியோ படுதா. இதே தூணுக்கு முன்னாடி ஒரு மீன் வியாபாரி நிக்கற படமும் எங்கிட்ட இருக்கு, எடுத்துக் காட்டவா?" டாக்டர் அதற்குப் பிறகு தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சரியாகத்தான் சொல்வார், அதுதான் சிக்கல். சரியாகவே சொல்லிச் சொல்லிப் பழகிய ஆளுக்குத் தன் வாய்மேல் ஒரு பக்தி வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து காபிக்கடையில் சேகரிப்பாளர்கள் கூடும்போது அவர் அடிக்கடி சொல்வது இது: "மனுஷங்கள நம்பாதீங்கப்பா. அவங்க படத்துக்குன்னு சட்டை மாத்துவாங்க, மீசைய முறுக்குவாங்க. சுவரப் பாருங்க. சுவருக்கு நடிக்கத் தெரியாது." படத்தில் நடமாடும் ஆட்களை அவர் தூசி என்றுதான் சொல்வார். அவர்கள் கட்டிடத்தை மறைத்துக்கொண்டு நின்றால் உண்மையிலேயே கோபம் வரும்.

இன்ஷிராஹ் என்ற பெண்மணி எட்டு வருடம் முன்பு இப்படிப்பட்ட ஆளிடம்தான் வந்து மாட்டிக்கொண்டாள்.

அப்போது அவளுக்கு ஐம்பது வயது. கால்வாயின் மறுகரையில், போர்ட் ஃபுவாதில், திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் தொழில். அவளுக்கு மூன்று வயதாகும்போது தாய் இறந்துவிட்டாள். ஆறு வயதில் வீடு எரிந்தது. வீட்டோடு தாயின் படங்களும் போயின. வளர்த்த சின்னம்மா, தாயின் தங்கை, சாவதற்கு முன் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டைக்குப் பல வருடம் முந்தி, எதிர்வீட்டு மாடியில் ஒரு படக்காரர் ஏறி நின்று தெருவைப் படம் எடுத்தாராம். அப்போது அவர்கள் இரண்டு பேரும் பால்கனியில் இருந்தார்களாம், அக்காவுக்குப் பதினைந்து, தங்கைக்கு எட்டு. அந்தப் படம் அஞ்சலட்டையாகிக் கப்பல் பயணிகளுக்கு விற்றதாம்.

"எங்க வீடு கயிறுக்காரர் தெரு, உஸ்தாத்," என்று அன்று இன்ஷிராஹ் சொன்னாள். "கலங்கரை விளக்கத்தப் பாத்து நின்னா இடது பக்கம். கீழ ரொட்டிக்கடை. மேல எங்க பால்கனி. எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும்."

வஹீபிடம் அப்படி ஓர் அட்டை இருந்தது. மாடியிலிருந்து எடுத்த தெரு, கோடியில் கலங்கரை விளக்கம், கீழே ரொட்டிக்கடை, மேலே மரப் பால்கனியில் இரண்டு பெண்கள். ஆனால் எல்லாம் வலது பக்கம். கயிறுக்காரர் தெருவுக்கு அடுத்த தகரக்காரர் தெருவில் வலது பக்கம் ஒரு ரொட்டிக்கடை இருந்ததாகப் பழைய வரைபடம் சொன்னது. ஆகவே அது தகரக்காரர் தெரு. அட்டையின் பின்புறம் பென்சிலால் அவரே எழுதி வைத்திருந்தார்: 'தகரக்காரர் தெரு. வலப்பக்கம். ஐயமில்லை.'

"இது உங்க தெரு இல்லம்மா," என்று தூரத்திலிருந்தே காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

"கொஞ்சம் கையில குடுங்களேன். அந்தப் பொண்ணுங்க முகத்த…"

"வேண்டாம். ஆசைப்பட்டுப் பாத்தா எல்லா முகமும் அம்மா முகமாத்தான் தெரியும். நான் யாருக்கும் பொய்யான அம்மாவக் குடுக்கறதில்ல."

நேர்மையாக நடந்துகொண்டோம் என்று அன்று அவருக்குத் திருப்தி. அவர் மனைவி கரீமான்தான் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுத்துப் படி வரை கொண்டுவிட்டு வந்தாள். உள்ளே வந்து, "உங்க சுவருக்கு இருக்கற மனசு உங்களுக்கு இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலைப் பலகாரம் மேஜையில் இருந்தது. ஒரு கிண்ணம் ஃபூல், அதாவது வேகவைத்து மசித்த மொச்சை, எண்ணெயும் சீரகப் பொடியும் தூவி, சூடான ரொட்டி, வெங்காயம். வஹீப் சாப்பிட உட்கார்ந்தவர் வழக்கம்போலச் சும்மா உட்காரவில்லை. தகரக்காரர் தெருவைப் பற்றிக் காபிக்கடையில் அன்று பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அட்டையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, வலக்கையில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பசி வேறு. இடக்கை தன்பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்து ஃபூலில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனது.

கரீமான் தேநீரோடு வந்தவள் அப்படியே நின்றாள். "அட, இது எப்பலேருந்து? இடக்கையால சாப்பிடறீங்க? ஷைத்தானோட பந்தியில உக்காந்தாச்சா?"

"கை வேலையா இருக்குல்ல."

"கை வேலையா இருந்தா வாய் காத்திருக்கட்டும். எங்கப்பா பாத்திருந்தா அந்தக் கையிலயே ஒண்ணு போட்டிருப்பார். இந்த ஊர்ல எவனாவது ஒருத்தன் இடக்கையால சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

வஹீப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் லென்ஸ் ஜன்னலிலிருந்து வழுக்கித் தெருவில் இறங்கியிருந்தது. அங்கே ஒரு ஃபூல் வண்டி. வண்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினாறு வருடமாக இந்த அட்டை அவரிடம் இருக்கிறது. அந்த ஐந்து பேரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தூசிதானே.

முதல் ஆள் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகிறான், இடக்கையால். சரி, ஒருவனுக்கு இடக்கைப் பழக்கம் இருக்கலாம். இரண்டாவது ஆளும் இடக்கை. தலைப்பாகை கட்டிய பெரியவர், அவரும் இடக்கை. நான்காவது, ஐந்தாவது. லென்ஸை நகர்த்தினார். காபிக்கடை வாசலில் தேநீர்க் குவளையை உயர்த்தியிருப்பவர், இடக்கை. சுவரோரமாகக் குந்தியிருக்கும் சிறுமி கரும்பைக் கடிக்கிறாள், அதுவும் இடக்கையால்.

ஒரு தெருவே இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

லென்ஸ் கையிலிருந்து நழுவி ஃபூல் கிண்ணத்தில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அட்டையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். சவரக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. அட்டையை அதன் முன் பிடித்தார்.

கண்ணாடிக்குள் தெரு திரும்பிக்கொண்டது. ஐந்து பேரும் வலக்கைக்கு மாறினார்கள். ரொட்டிக்கடை இடது பக்கம் போய் நின்றது. மரப் பால்கனியும் அதன் மேலே இடது பக்கம் வந்தது. வரைபடத்தில் மட்டுமே அவர் பார்த்திருந்த தெரு, ஐம்பது வருடம் முந்தி எரிந்துபோன கயிறுக்காரர் தெரு, காலை வெயிலோடு அவருடைய பல் துலக்கும் பிரஷுக்கும் சோப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் படம் பார்த்தவர்தான். ஆனால் ஒரு படம் அவரைத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

படச்சுருளைப் பின்புறமாக வைத்து அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இருட்டறையில் ஒருவன் அவசரத்தில் செய்த காரியம். கடைப் பலகையில் எழுத்துத் தெரிந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். பலகையை வெயில்துணி மறைத்திருந்தது. அப்படியே நூற்றுக்கணக்கில் விற்று, கப்பலேறி, உலகமெல்லாம் போய்விட்டது.

"கரீமான்!" அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அது அவங்கம்மாதான். நான் சொன்னது தப்பு."

கரீமான் குளியலறை வாசலில் வந்து நின்றாள். இந்த மனிதரோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல்முறை போலிருக்கிறது. பரிகாசம் செய்ய எடுத்த வாயை மூடிக்கொண்டாள். "அப்ப ஏன் இங்க நிக்கறீங்க?" என்றாள். "அந்தப் பொம்பளைக்கு உசுரு இருக்கான்னு போய்ப் பாருங்க."

அந்தப் பயம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடம். அவள் உயிரோடு இல்லையென்றால்? ஒரு தடவை பார்த்தால் போதும் என்று வந்தவளைப் பார்க்க விடாமல் அனுப்பியாயிற்று. அதற்கு அப்புறம் எந்தச் சுவரிடம் போய் முறையிடுவது?

கழுவிய லென்ஸையும் அட்டையையும் சட்டைப்பையில் வைத்து, சவரக் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார். காபிக்கடையில் தனக்காகக் காத்திருப்பார்கள் என்பது நினைவுக்கே வரவில்லை. மறுகரைக்குப் போகும் படகில் கூட்டம். பைக்குள்ளிருந்து வெயில் பட்டுக் கண்ணாடி எதிரே நின்ற மீனவன் கண்ணில் அடித்தது.

"என்ன ஹாஜி, கால்வாய் நடுவுலயா சவரம்? மறுகரையில பொண்ணு பாக்கப் போறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் வஹீப் அவன் மூக்கை உடைத்திருப்பார். இன்று, "ஆமாம்ப்பா, பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணக் கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைப்பையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவன் விழித்தான்.

திரைச்சீலை தைக்கும் இன்ஷிராஹைப் போர்ட் ஃபுவாதில் மூன்று பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தார். தரைத்தள வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் மலைபோல நீலத் துணி. அவள் உயிரோடு இருந்தாள். தலை நரைத்து, கண்ணாடி தடித்து, அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"யாரு வந்திருக்கறது!" என்றாள். "பெரிய நிபுணர். பொய்யான அம்மாவக் குடுக்காத மகான். வழி தவறி வந்துட்டீங்களா உஸ்தாத்? இங்க பழைய சுவர் எதுவும் இல்ல. இந்த வீடு எழுபத்தஞ்சுல கட்டினது."

"தப்பு பண்ணிட்டேன்மா."

இன்ஷிராஹ் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். தையல் கோணிப் போயிற்று.

"அன்னைக்கு நான் காட்டின அட்டைதான். அதுதான் கயிறுக்காரர் தெரு. திருப்பி அச்சடிச்சிருக்காங்க. நான் வீட்ட மட்டும் பாத்தேன், ஆளுங்களப் பாக்கல. அந்தத் தெருவுல எல்லாரும் இடக்கையால சாப்பிடறாங்கம்மா. பதினாறு வருஷமா என் கண்ணு முன்னாடி இடக்கையால சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க, நான் பாக்கல."

அவள் காலை எடுத்தாள். மெஷின் நின்றது.

"எட்டு வருஷத்துல நான் அந்த ஆசைய மடிச்சு வெச்சுட்டேன்," என்றாள். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "எங்கம்மாவுக்கு முகம் கிடையாதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப வந்து குடுக்கறீங்க. மறுபடியும் இல்லன்னு ஆயிட்டா நான் தாங்க மாட்டேன் உஸ்தாத். பயமா இருக்கு."

வஹீப் சட்டைப்பைக்குள் கையை விட்டு அட்டையைத் தொட்டார்.

"அந்தப் பெரிய பொண்ணு," என்று இன்ஷிராஹே கேட்டாள், கையைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டு, "என்ன பண்றா?"

"படகுல வர்றப்ப லென்ஸ் வெச்சுப் பாத்தேன். சின்னவகிட்ட என்னமோ ரகசியம் சொல்றா மாதிரி இருக்கு. கை காதுகிட்ட இருக்கு."

"ரகசியமா?"

"ஆமா. காதப் புடிச்ச மாதிரி…"

இன்ஷிராஹின் முகம் வெளுத்து மறுபடி சிவந்தது. "ரகசியம் இல்ல," என்றாள் மெதுவாக. "சின்னம்மா ஒரு எடத்துல நிக்க மாட்டாங்களாம். படக்காரர் ஆடாதீங்கன்னு கத்தினாராம். அம்மா அவங்க காதத் திருகிப் புடிச்சு நிக்க வெச்சாங்களாம். 'உங்கம்மா திருகின காது இன்னைக்கு வரைக்கும் சுடுது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இத உங்ககிட்ட நான் சொல்லவே இல்லயே. யார்கிட்டயும் சொன்னதில்ல."

எங்கோ ஒரு விநாடி, ஒரு பெண் தன் தங்கையின் காதைத் திருகியிருக்கிறாள். தெரு எரிந்துவிட்டது, திருகியவளும் இல்லை, திருகப்பட்டவளும் இல்லை. அந்தத் திருகல் மட்டும் இன்னும் விடாமல் இருக்கிறது.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். அதன் பின்புறத்தை முதலில் காட்டினார். ஏதோ ஒரு மாலுமி ஆன்ட்வெர்ப் நகரத்துக்கு எழுதியது, நாற்பத்தேழாம் வருடத்து முத்திரை. "இதப் படிக்க வெச்சு அர்த்தம் கேட்டிருக்கேன்," என்றார். "'அம்மாவுக்கு, நலமாக இருக்கிறேன். இந்தத் தெருவில் ரொட்டி வாசனை வீட்டை நினைவுபடுத்துகிறது' அப்படின்னு எழுதியிருக்கான். அவங்கம்மா இத மேஜை இழுப்பறையில பத்திரமா வெச்சிருந்திருக்கா. அவ போனப்புறம் விலைக்கு வந்துது. யாரோ ஒரு அம்மா வீட்டுல உங்கம்மா அத்தன வருஷம் இருந்திருக்காங்க."

அதன் கீழே அவருடைய பென்சில் எழுத்து இருந்தது. 'ஐயமில்லை.' இன்ஷிராஹ் அதையும் படித்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள். வஹீப் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அட்டையைத் திருப்பினாள். லென்ஸை வாங்கிக்கொண்டாள். அச்சு இயந்திரத்தில் அடித்த அட்டையாக இருந்தால் லென்ஸ் வைத்ததும் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிப் போயிருக்கும். இது இருட்டறையில் கழுவிய நிஜப் புகைப்படம். மைசூர்ப் பருப்பு அளவு முகம் லென்ஸுக்குள் ஏறி ஏறி வந்தது. நெற்றி வந்தது. சிரிப்பை அடக்கி இறுகிய உதடு வந்தது.

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "பையில கண்ணாடியா வெச்சிருக்கீங்க? குடுங்க."

வஹீப் அவசர அவசரமாக எடுத்தார். "அட்டைய அதுக்கு முன்னாடி இப்படிப் புடிக்கணும். அப்ப தெரு சரியாயிடும், வீடு இடது பக்கம் வந்துடும், எல்லாரும் வலக்கையால…"

அவள் அட்டையைக் கண்ணாடிக்கு முன் பிடிக்கவில்லை. கண்ணாடியைத் துணிக் குவியலில் சாய்த்து வைத்தாள். அட்டையை அதன் பக்கத்தில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளினாள். தன் முகத்தைப் பார்த்தாள். லென்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மறுபடி தன் முகம்.

வஹீபும் பார்த்தார். இந்தத் தடவை ஆளைப் பார்த்தார். இன்ஷிராஹின் ஒரு புருவம் மற்றதைவிட உயர்ந்திருந்தது, எப்போதும் எதையோ கேட்கப்போகிறவள் போல. அட்டையில் இருந்த பெண்ணுக்கும் அதே புருவம். கண்ணாடியில் எந்தப் பக்கம் உயர்ந்து தெரிந்ததோ, அட்டையிலும் அதே பக்கம். இருட்டறைக்காரன் ஒழுங்காக அச்சிட்டிருந்தால் அது எதிர்ப்பக்கம் போயிருக்கும்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்பலேருந்து," என்றாள் இன்ஷிராஹ். அழுதுகொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. "ஐம்பது வருஷமா தினம் காலைல தல சீவறப்ப இவங்களத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். எங்கம்மாவும் கண்ணாடியில தன்ன இப்படித்தானே பாத்திருப்பாங்க?"

"ஆமாம்மா," என்றார் வஹீப். "இப்படியேதான்."

பிறகு அவர் தனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்யப் பார்த்தார். "நம்ம ஸ்டுடியோவுல குடுத்து இதப் பெருசாக்கித் தர்றேன். நேரா திருப்பி, தெரு சரியா வர்ற மாதிரி…"

இன்ஷிராஹ் அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"திருப்பாதீங்க உஸ்தாத்," என்றாள். "அந்தத் தெரு இடக்கையாலயே சாப்பிடட்டும்."

வஹீப் தலையாட்டினார். அட்டையை அவர் திரும்பக் கேட்கவில்லை, கண்ணாடியையும் கேட்கவில்லை. படகில் திரும்பி வரும்போது சட்டைப்பை லேசாக இருந்தது. எதிரே ஒருவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வஹீப் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவள் முகத்தை, அதற்கடுத்து நின்றவன் முகத்தை, கரை வந்து சேரும்வரை ஒருவரையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.